கொல்லிமலை வெள்ளாமை நோம்பி

விவசாயக் கண்காட்சி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இலாகாவிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். இப்போது மலைக்கு ரோடு போட்டாகிவிட்டது. பஸ் ஏறுகிறது, பந்தல் சாமான் லாரியில் போகிறது. "ஐயா, மைக் இல்லாம, ரோடு இல்லாம, அந்தக் காலத்துல எப்படிங்க கூட்டம் சேர்த்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். பாவம் கிழவர், நாலு பேரை உட்கார வைத்து ஏதோ நடத்தியிருப்பார் என்கிற தொனி அந்தக் கேள்வியில் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, நாங்க நடத்தினப்ப மலையே காலியாகிப் பந்தலுக்கு வந்துச்சு. அதுக்கு மைக் வேண்டியிருக்கலை, ஒரு சொல்லு போதுமா இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பினேன். அந்தச் சொல்லை வைத்தவன் நான். அது என்னென்ன பாடு படுத்தியது, கடைசியில் என்ன செய்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

நான் அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. கோயம்புத்தூர்ப் பண்ணையில் பயிற்சி முடித்தேன். அங்கே நான் கற்றதைச் சொல்லப் போனால் விதையைப் பார்த்துப் பேர் சொல்வது, மாட்டுக்கு மருந்து புகட்டுவது, சேற்றில் நின்றாலும் வேட்டியில் கறைபடாமல் நிற்பது, அவ்வளவுதான். பிறகு டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம் கொடுத்தார்கள். நல்ல விதையையும் இரும்புக் கலப்பையையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி, விளக்கிச் சொல்வது வேலை. குடியானவர்கள் வாயில் டெமான்ஸ்ட்ரேட்டர் என்பது நுழையவில்லை. எனக்கு 'வெதைக்காரர்' என்று பேர் வைத்தார்கள். இன்றைக்கும் சந்தைக்குப் போனால் யாராவது அந்தப் பேரில் கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

என் மேலதிகாரி சபாபதி ஐயா. ஜில்லாவுக்கே விவசாய அதிகாரி. ஒல்லியான ஆள், கழுத்து மூடிய கோட்டு, சட்டைப் பையில் இரண்டு கைக்குட்டை. ஒன்று முகம் துடைக்க, மற்றொன்று தானியத்துக்கு மட்டும். அவசரத்தில்கூட ஒன்றை ஒன்றுக்கு மாற்றி எடுத்து நான் பார்த்ததில்லை. மூட்டை தூக்குகிறவரையும் 'நீங்கள்' என்றுதான் பேசுவார். யாரையும் திட்ட மாட்டார். அதைவிட மோசமான பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. பிடிக்காத பொருளைப் பார்த்தால் "பிரமாதம்" என்பார். மிகவும் பிடித்துவிட்டால் "இருக்கட்டும்" என்பார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்து பல மாதம் கழித்துத்தான் இந்தப் பாஷை எங்களுக்குப் புரிந்தது. அதற்குள் என் அறிக்கை ஒவ்வொன்றையும் "பிரமாதம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தார், நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை அடிவாரத்துக் கண்காட்சியில் ஒருவர் கூடை நிறைய நிலக்கடலை கொண்டுவந்தார். சபாபதி ஐயா நாலு காயை உடைத்துப் பார்த்து "இருக்கட்டும்" என்றார். அந்த மனிதருக்கு மூஞ்சி செத்துப்போயிற்று. வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்கிறார் என நினைத்து, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். சந்தைத் திடல் முழுக்க ஓடிப் பிடித்து, "ஏனுங்க, உங்களுக்குத்தானுங்க மொதப் பரிசு" என்று கெஞ்சிக் கூட்டிவந்தது நான்தான்.

அந்தக் கண்காட்சி வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் அடிவாரத்தில் நடக்கும். மலைக்காரர்களுக்கென்று ஒரு பந்தலை ஒதுக்கி வைப்போம். அதில் ஆள் இருக்காது, ஆடு படுத்திருக்கும். மலையில் சாமை, கேழ்வரகு, மிளகு, பலா எல்லாம் அருமையாக விளைகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவர்கள் சுமை தூக்கி இறங்கி வந்தால் சந்தையில் விற்றுவிட்டு, உப்பு வாங்கிக்கொண்டு ஏறிவிடுவார்கள். யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு ஒருநாள், ஆடு படுத்திருந்த பந்தலைப் பார்த்துக்கொண்டே சபாபதி ஐயா சொன்னார், "அவர்கள் இறங்க மாட்டார்கள். நாம் ஏறிவிடுவோம்."

அப்போது கொல்லிமலைக்கு மாற்றல் என்றாலே வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். மலைக்காய்ச்சல் பயம் அப்படி. ஒற்றையடிப் பாதைதான் வழி. ஆனாலும் ஏறினேன். ஏறி மூன்று நாடுகளில் அலைந்தேன். நாடு என்றால் அங்கே பல ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, தேவனூர் நாடு என்று ஊர் ஊராகப் போய், கண்காட்சி நடக்கப்போகிறது, உங்கள் விளைச்சலில் நல்லதாகப் பார்த்துக் கொண்டுவந்து வையுங்கள் என்று சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள், களி போட்டார்கள், தேன் கொடுத்தார்கள். சரி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் ஒருவர் வாய்விட்டே கேட்டார்.

"கொண்டாந்து வெச்சா நீங்க பாப்பீங்க. பாத்து எழுதுவீங்க. எழுதிப்போட்டு வரி போடுவீங்க. அதுக்குத்தானுங்களே?"

இல்லையென்று சத்தியம் செய்தேன். யார் நம்புவார்கள்? சர்க்கார் ஆள் செய்கிற சத்தியத்துக்கு மலையில் மதிப்புக் கிடையாது. 'கண்காட்சி' என்ற சொல்லே எனக்குச் சனியனாக வந்து வாய்த்தது. கண்ணில் காட்டு என்றால், எதற்குக் காட்ட வேண்டும் என்று கேட்கத்தானே செய்வார்கள்? அன்று பொழுதோடு வாழவந்தி நாட்டில் ஒரு களத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சட்டென்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் திருவிழாவை நோம்பி என்போம், மலையிலும் அதே சொல்தான். எழுந்து நின்று சொன்னேன். "கண்காட்சியும் இல்லை, கணக்கெடுப்பும் இல்லைங்க. இது வெள்ளாமை நோம்பி. மூணு நாடும் சேந்து கொண்டாடறது."

"நோம்பிங்களா? அப்படிச் சொல்லுங்க! நோம்பின்னா வாராம இருப்பமா?"

அவ்வளவுதான். வாய்ச் சொல்லாகவே மலை முழுக்கப் பரவிவிட்டது. நான் இறங்கி வந்து சபாபதி ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நோம்பி என்றால் நோம்பி மாதிரி வருவார்கள். தயாராக இருங்கள்" என்றார். நான் தலையாட்டினேனே தவிர, அவர் சொன்னது எனக்கு மண்டையில் ஏறவில்லை.

வாழவந்தி நாட்டில் அறுத்த காட்டில் பந்தல் போட்டோம். தராசு, கண்ணாடி ஜாடி, இரும்புக் கலப்பை எல்லாம் தலைச்சுமையாக மேலே ஏறின. முதல் நாள் காலையில் தப்பட்டைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மூன்று பக்கத்திலிருந்தும் ஜனம் வருகிறது. பெண்கள் தலையில் கதிர்க் கட்டு, ஆண்கள் தோளில் வாழைத்தார், பலாப்பழம். எல்லாம் சரி. ஆனால் கக்கத்தில் ஆளுக்கொரு சேவல்! பந்தலுக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்கள், "சாமி எங்கீங்க?"

நோம்பி என்று கூப்பிட்டாயிற்று. சாமி இல்லை என்றால், அத்தனை பேரும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். சபாபதி ஐயா பதறவே இல்லை. இரும்புக் கலப்பையைத் தாமே தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலின் நடுவில் நிறுத்தினார். "சோறு போடுவது இதுதான். மஞ்சள் வையுங்கள்" என்றார். கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரு பெண் மஞ்சளைக் குழைத்துக் கொழுவில் பூசினாள். தேங்காய் உடைத்தார்கள், தப்பட்டை முழங்கியது. சேவலுக்கு என்ன செய்வது? சைவரான சபாபதி ஐயா சேவல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்து, "இவை எல்லாவற்றையும் கூண்டில் வையுங்கள். கோழிப் பிரிவுக்கும் பரிசு உண்டு" என்று அறிவித்தார். அதுவரை எங்கள் திட்டத்தில் கோழிப் பிரிவு என்ற ஒன்று கிடையாது. இன்றைக்கு அந்தப் பிரிவில் படித்தவர்கள் வந்து நடுவராக உட்காருகிறார்கள். அது உண்டான கதை இதுதான்.

அடுத்த தலைவலி நம்பரில் வந்தது. யார் கொண்டுவந்தது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கட்டுக்கு ஒரு நம்பர்ச் சீட்டு கட்டுவது வழக்கம். நான் வந்த வரிசையில் கட்டினேன். ஒன்று என்ற சீட்டு கிடைத்தவர் அப்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார். தனக்குத்தான் முதலிடம் என்று நினைத்துவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் எனக்கும் ஒன்றுதான் வேண்டும் என்று நின்றார்கள். பார்த்தேன், சீட்டை எல்லாம் பிய்த்து எறிந்தேன். சுற்றிலும் மரமும் செடியும் இருக்கும்போது நம்பர் எதற்கு? ஒரு கட்டுக்குப் பலா இலை, ஒன்றுக்கு நொச்சி, ஒன்றுக்கு வேம்பு, ஒன்றுக்குப் புங்கன் என்று கட்டிவிட்டேன். இலைகளுக்குள் பெரியது சின்னது என்ற பேச்சே எழவில்லை. இலை வாடுவதற்குள் நடுவர் வேலையை முடிக்க வேண்டும், ஆடு கிட்டே வராமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு. மறு வருஷம் கலெக்டர் துரை டோலியில் மேலே வந்தார். தூக்கி வருவதைப் பார்த்து, இவர்தான் இந்த வருஷத்துச் சாமி என்று ஒருவர் சிதறுகாய் உடைத்துவிட்டார். துரைக்குப் பரம சந்தோஷம். அதற்குப் பிறகு எங்கள் கண்காட்சிக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை அவர்.

இப்படியே வருஷத்துக்கு வருஷம் நோம்பி பெருத்தது. அடிவாரத்துக்காரர்கள் காய்ச்சல் பயத்தை விட்டு மேலே ஏறிவந்து பார்த்தார்கள். ஒரு நாளாக இருந்தது மூன்று நாளாயிற்று. ராட்டினம் வந்தது, வளையல் கடை வந்தது, மலை மிளகை வாங்க வெளியூர் வியாபாரிகள் வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அடிவாரத்துப் பண்ணைக்காரர் ஒருவர், கேழ்வரகில் முதல் பரிசு வாங்குகிறவர்களுக்கு உழவுக்குப் பழக்கிய இளங்காளை ஒரு ஜோடி தருகிறேன் என்று சொன்னார். சொன்னபடியே இரண்டு காளைகளைப் பாதை வழியாக ஏற்றி அனுப்பினார். சிவப்பில் ஒரு செவலை, சாம்பல் நிறத்தில் ஒரு மயிலை. பந்தலுக்கு முன்னால் கட்டியிருந்தோம், அதைச் சுற்றி எந்நேரமும் கூட்டம்.

தேவனூர் நாட்டிலிருந்து குப்பாயி என்று ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். புருஷன் இறந்துவிட்டான். காடு இருந்தது, மாடு இல்லை. புருஷனின் அண்ணன், அவளுக்கு மச்சாண்டார், அவர்தான் ஏர் ஓட்டித் தருவார். தம் காட்டை உழுது, பங்காளிகள் காட்டை உழுது, எல்லாம் முடிந்து ஈரம் காய்ந்த பிறகு இவள் காட்டுக்கு வருவார். ஏர் பிடிக்க இவளுடைய தம்பி இருந்தான், பூட்டத்தான் மாடு இல்லை. கட்டைக் கொடுக்கும்போது என்னிடம் அவள் வேறெதுவும் பேசவில்லை. காளைகளையே பார்த்தாள். "இதுக ரெண்டும் ஒரு ஊட்டுல இருந்தா, மழை பேஞ்ச அன்னிக்கே பூட்டலாமுங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கட்டுக்கு நான் பலா இலை கட்டினேன்.

சபாபதி ஐயா கேழ்வரகைப் பார்க்கிற விதத்தை எழுதியே ஆக வேண்டும். முதலில் கையை எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவுவார். கட்டைப் பிரித்துக் கதிர்களை வெள்ளைத் துணியில் பரப்புவார். கதிரின் விரல்கள் உள்ளே மடங்கி மூடியிருக்கிறதா, எல்லாக் கதிரும் ஒரே அளவா, கரிப்பூட்டை நோய் தட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். பிறகு கட்டின் நடுவிலிருந்து ஒரு கதிரை உருவுவார். மேலே நல்லதை வைத்து உள்ளே சப்பைக் கதிரை வைத்துக் கட்டுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. அதை உள்ளங்கையில் கசக்கி, மெதுவாக ஊதுவார். பதர் போகும், மணி நிற்கும். தானியக் கைக்குட்டையில் அந்த மணிகளை விட்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். கடக்கென்று சத்தம் கேட்க வேண்டும். இவ்வளவும் முடிகிற வரை யாரும் பேசக்கூடாது, அவரும் பேச மாட்டார்.

வேப்பிலைக் கட்டைப் பார்த்தார், பரவாயில்லை என்று வைத்தார். நொச்சி இலைக் கட்டை அதைவிட மேலாக வைத்தார். பலா இலைக் கட்டுக்கு வந்தார். பிரித்தார், பார்த்தார், ஊதினார், கடித்தார். இன்னொரு கதிரை உருவி மறுபடியும் எல்லாவற்றையும் செய்தார். அவர் இரண்டாம் தடவை செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார், "இருக்கட்டும்."

பலா இலை முதல், நொச்சி இரண்டு, வேம்பு மூன்று. குப்பாயிக்குக் காளை! எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் மேசையில் வரிசையாக வைத்ததைப் பார்த்துவிட்டு யாரோ ஓடிப்போய் வெளியே சொல்லிவிட்டார்கள். சற்று நேரத்தில் குண்டூர் நாட்டுக் கவுண்டர் பெரியதம்பி தம் ஆட்களோடு வந்து பந்தலில் நின்றார். வேப்பிலைக் கட்டு அவருடையது, நொச்சி வாழவந்திக்காரர் ஒருவருடையது. நல்ல மனிதர், வாட்டசாட்டமான ஆள், அவர் பேச்சுக்கு மூன்று நாட்டிலும் மரியாதை.

"வெதைக்காரரே, இது நோம்பிதானுங்களே?"

"ஆமாங்க."

"நீங்க வெச்ச பேருதானுங்களே?"

"ஆமாங்க."

"நோம்பின்னா மொதல் மரியாதை குண்டூர் நாட்டுக்கு. அப்புறம் வாழவந்தி, கடைசியாத் தேவனூரு. அப்பன் பாட்டன் காலத்துல இருந்து அப்படித்தான். இப்ப நீங்க தேவனூருக்கு மொதல்ல குடுக்கறீங்களாம், எங்களுக்கு மூணாவதாம். எங்க சனத்து மூஞ்சியில நான் எப்படீங்க முழிக்கறது?"

"கவுண்டரே, இது கதிருக்குப் பரிசுங்க. நாட்டுக்கு மரியாதை இல்லீங்க" என்றேன்.

"அப்பக் கண்காட்சின்னே சொல்லியிருக்கோணும். நோம்பின்னு சொல்லிக் கூப்புட்டுப்போட்டு இப்ப இல்லீங்கறீங்க."

அவர் ஆட்கள் திரும்பிப் போகப் பந்தலில் கட்டியிருந்த தங்கள் வாழைத்தாரை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். குண்டூர் போனால் வாழவந்தியும் போகும், அடுத்த வருஷம் பந்தலில் மறுபடியும் ஆடுதான் படுத்திருக்கும். இதற்குள் தேவனூர்ப் பெரியவர்கள் குப்பாயியைச் சூழ்ந்துகொண்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற நாடு, ஒரு காளை ஜோடிக்காகப் பகையா, வேண்டாமென்று சொல்லிவிடு என்றார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் அவளுடைய மச்சாண்டார்தான். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, நெசமாலுமே என்ற கதிருதான் நல்லதுன்னு சொன்னாருங்களா?"

"நெசமாத்தான் சொன்னாரு, கண்ணு."

"ஏர் ஓட்டறது தாமசமுங்க. அதனால நாலு தரம் களை எடுத்தேன்" என்றாள். கண்ணில் நீர் முட்டியது, விழவில்லை. "அப்ப நான் வேண்டாமுன்னு சொல்ல மாட்டேனுங்க."

நான் சபாபதி ஐயாவிடம் ஓடினேன். இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் மார்க்கைக் கொஞ்சம் மாற்றிப் போடலாமா, காளையை வேறு வழியில் அவளுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மாற்றலாம். அடுத்த வருஷத்திலிருந்து யாரும் கதிர் கொண்டுவர மாட்டார்கள், பேரைத்தான் கொண்டுவருவார்கள். நான் எதைக் கடித்துப் பார்ப்பது?" என்றார்.

வெளியே வந்தேன். பெரியதம்பிக் கவுண்டர் காளைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் அந்தக் காளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. கிட்டே போய்க் கேட்டேன்.

"கவுண்டரே, உங்களுக்கு இந்தக் காளைங்க வேணுமுங்களா?"

"எனக்கு எதுக்குங்க? எங்க பட்டியில நிக்கறதுக்கே தீனி பத்தலை. எங்க பேரை மொதல்ல கூப்புடோணும், அவ்வளவுதான்."

எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. மனிதர் வந்ததிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், என் மரமண்டைக்கு ஏறவில்லை. முதல் பரிசை முதலில் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மூன்றாம் பரிசிலிருந்து ஆரம்பித்தால் குண்டூர் முதலில், வாழவந்தி நடுவில், தேவனூர் கடைசியில். நோம்பி வரிசையும் அதுதான், மார்க்கும் மாறவில்லை! கவுண்டரிடம் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டு, "மொதல்ல கூப்புட்டாச் சரிதானுங்க" என்றார். குப்பாயியிடம்தான் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ஜெயித்தவளைப் போய்க் கடைசியாக வா என்பதா?

"கடைசியாக் கூப்பிட்டாப் பரவாயில்லையா, கண்ணு?"

"காளைக்கு மொதல் எது, கடைசி எதுன்னு தெரியுமாங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். "கவுறு என்ற கையில வந்தாச் சரி."

சபாபதி ஐயாவிடம் போய் மூச்சிரைக்கச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். முகம் துடைக்கும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார். என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பதக்கம் அந்த ஒரு வார்த்தைதான். வேறு பதக்கம் நான் கேட்டதுமில்லை.

பரிசு வழங்கினோம். பெரியதம்பிக் கவுண்டர் பேரைக் கூப்பிட்டதும் தப்பட்டை காதைப் பிளந்தது. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து, ஒரு மண்வெட்டியைச் செங்கோல் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். அடுத்து வாழவந்திக்காரர். கடைசியாக சபாபதி ஐயா, "தேவனூர் நாடு ஸ்ரீமதி குப்பாயி அம்மாள்" என்று கூப்பிட்டார். இன்னார் பெண்டாட்டி, இன்னார் தாயார் என்று சொல்லாமல் அவள் பேரைச் சொல்லி மலையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்த்தாள். பிறகு வந்தாள், கயிற்றை வாங்கினாள்.

அவள் வாங்கி முடிப்பதற்குள் மச்சாண்டார் கையை நீட்டினார். "குடு, நம்ம பட்டியில கட்டிக்கலாம். பொம்பளை எங்க வெச்சு மேய்ப்பே?" அவள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு பாடுபட்டது இவர் தொழுவத்துக்குத்தானா? நான் வாயெடுப்பதற்கு முன்னால் பின்னாலிருந்து பெரியதம்பிக் கவுண்டர் குரல் வந்தது.

"யாரப்பா அது? நோம்பீல குடுத்ததுல அடுத்தவங்க கைவெக்கற பழக்கம் எந்த நாட்டுல இருக்குது? அந்தப் புள்ளைக்குக் குடுத்தது அந்தப் புள்ளைக்குத்தான். மூணு நாடும் பாத்துக்கிட்டு நிக்குது." சொல்லிவிட்டுக் காளைகளின் அருகே வந்து நெற்றிச் சுழியையும் முதுகுச் சுழியையும் தடவிப் பார்த்தார். "நல்ல சுழிதாம் புள்ள, ஓட்டிக்கிட்டுப் போ" என்றார். மச்சாண்டார் கை கீழே இறங்கியது. கண்காட்சி என்று பேர் வைத்திருந்தால் அந்தக் கை இறங்கியிருக்காது, தம்பிமார்களே.

அந்தக் கோடையில் முதல் மழை பெய்த மறுநாள் எனக்கு மலையில் விதை கொடுக்கிற வேலை இருந்தது. தேவனூர் நாட்டுக்குப் போனேன். குப்பாயியின் காட்டில் செவலையும் மயிலையும் உழுது முடித்து, வரப்போரம் முளையில் கட்டியபடி நின்றன. அவள் தம்பி கலப்பையில் ஒட்டின மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். விதைப்புக் கூடை அவள் இடுப்பில் இருந்தது. வரப்பில் மச்சாண்டார் நின்றிருந்தார். அவருடைய மாடுகளில் ஒன்று நோயில் படுத்துவிட்டதாம், காடு அப்படியே கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வெதைக்காரரே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஈரம் போயிட்டா எங்க பொழப்பு என்னாகறது?" என்றார். குப்பாயியிடம் நேராகக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

நான் குப்பாயியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் காய்ந்த காட்டில் விதைத்தவள் என்ன சொன்னாலும் அதில் நியாயம் இருந்திருக்கும். நானாக இருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் கூடையை வரப்பில் இறக்கி வைத்தாள். அதுவரை மச்சாண்டார் முன்னால் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"இப்பவே ஓட்டிக்கிட்டுப் போங்க மாமா. ஈரம் காயறதுக்குள்ள உழுதுபோடுங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. குனிந்து கயிற்றை அவிழ்த்தார். அவிழ்க்க வெகு நேரம் ஆயிற்று.